வைஃபை இல்லை என்பதற்காக மடிக்கணினியைக் கழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்ததையொட்டி, வீடுகளில் கிடக்கும் பழைய மடிக்கணினிகளை என்ன செய்யலாம் என்று விளக்கித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட யோசனைகளில் பெரும்பாலானவை பயனுள்ளவை. ஆனால், வைஃபை வசதியே இல்லாத அல்லது வைஃபை பழுதாகிவிட்ட மடிக்கணினிகளை மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்துவிடுவது நல்லது என்ற பொருளில் இடம்பெற்ற ஒரு வரியைப் படித்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. அந்த ஒரு வரியை நம்பி, இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கக்கூடிய பல இயந்திரங்கள் எடைக்குப் போய்விடும் என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னணுவியல் பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதிப் படிப்பகத்துக்கு அன்பளிப்பாக வரும் கணினிகளைச் சீர்செய்து, போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் வேலையை இப்போது பார்த்துவருகிறேன். அப்படி வரும் மடிக்கணினிகளில் பலவற்றுக்குத் திரை தெளிவாக இருக்கும், விசைப்பலகை நன்றாக இருக்கும், ஹார்டு டிஸ்க்கில்கூடப் பழுது இருக்காது. கொண்டுவந்து கொடுப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: "நெட் வராது சார்." அந்தக் குறையை நீக்க இயந்திரத்தைப் பிரிக்கக்கூட வேண்டியதில்லை, பக்கவாட்டில் ஒரு வைஃபை கார்டைச் செருகினால் போதும். எந்தக் கார்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதை வாங்குபவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

2003ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ என்ற பெயரில் வயர்லெஸ் வசதியையும் சேர்த்து மடிக்கணினிகளுக்கான தொகுப்பை அறிமுகப்படுத்தும்வரை, வைஃபை என்பது பெரும்பாலும் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளும் பொருளாகவே இருந்தது. அதற்கான வாய்தான் பழைய மடிக்கணினிகளின் ஓரத்தில் காணப்படும் பிசி கார்டு ஸ்லாட். 54 மில்லிமீட்டர் அகலமும் 85.6 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட கார்டு அதில் முழுதாக உள்ளே போய், ஆன்டெனா உள்ள பிளாஸ்டிக் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பல மடிக்கணினிகளில் அந்த வாயை ஒரு பிளாஸ்டிக் போலி கார்டு அடைத்துக்கொண்டிருப்பதால், அங்கே ஒரு ஸ்லாட் இருக்கிறது என்பதே உரிமையாளருக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பொத்தான் வெளியே நீளும். மறுமுறை அழுத்தினால் போலி கார்டு வெளியே வந்துவிடும்.

அந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு வேண்டுமானாலும் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. 1990களின் முற்பகுதியில் வந்த பிசி கார்டுகள் 16 பிட் வகை. 1995இல் வந்த கார்ட்பஸ் வகை 32 பிட்டில், 3.3 வோல்ட்டில் இயங்குவது. 802.11ஜி தரத்திலான, அதாவது பெயரளவில் 54 மெகாபிட் வேகம் கொண்ட வைஃபை கார்டுகள் கார்ட்பஸ் வகையைச் சேர்ந்தவை. கார்ட்பஸ் ஸ்லாட் இரண்டு வகைக் கார்டுகளையும் ஏற்கும். பழைய 16 பிட் ஸ்லாட் கார்ட்பஸ் கார்டை ஏற்காது, விளிம்பில் உள்ள தடுப்பு அதை முழுதாக உள்ளே போகவிடாது. கார்டைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். இணைப்பு முனையின் மேற்புறத்தில் எட்டுச் சிறு புடைப்புகள் கொண்ட பொன்னிறப் பட்டை ஒன்று ஓடினால் அது கார்ட்பஸ். கடையில் தூசி படிந்த பெட்டியில் கைவிட்டுத் தேடும்போது இந்த ஓர் அடையாளம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

செருகும் விதத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இணைப்பு ஊசிகள் கார்டில் இருப்பதில்லை; வரிசைக்கு 34 வீதம் இரண்டு வரிசைகளாக 68 ஊசிகள் மடிக்கணினியின் உள்ளே இருக்கின்றன. கார்டைச் சாய்வாகத் தள்ளினாலோ, தடுக்கும் இடத்தில் பலத்தைக் காட்டினாலோ வளைவது கணினியின் ஊசிதான். கார்டைத் தட்டையாகப் பிடித்து, பெயர் பொறித்த பக்கம் மேலே இருக்கும்படி மெதுவாக நுழைத்து, கடைசிச் சிறு தூரத்தில் மட்டும் உறுதியாக அழுத்த வேண்டும். அழுத்தியும் போகாவிட்டால் வெளியே எடுத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். ஓர் ஊசி வளைந்திருந்தால் மெல்லிய இடுக்கியால் நிமிர்த்திவிடலாம். இரண்டு ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் மின்சாரம் கொடுத்தால் ஸ்லாட்டே போய்விடும் ஆபத்து உண்டு.

2003இல் அறிமுகமாகி, அடுத்த சில ஆண்டுகளில் மடிக்கணினிகளில் பரவிய எக்ஸ்பிரஸ்கார்டு என்ற இன்னொரு செருகு கார்டு முற்றிலும் வேறானது. 34 மில்லிமீட்டர் அகலத்திலும் ஆங்கில எல் எழுத்தைப் போல வளைந்த 54 மில்லிமீட்டர் அகலத்திலும் அது வரும். ஊசிகள் 26 மட்டுமே. பிசி கார்டு ஸ்லாட்டில் அது பயன்படாது, அதில் பிசி கார்டும் பயன்படாது. சில மாதிரிகளில் இரண்டு ஸ்லாட்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆகவே கடைக்குப் போகும்போது மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு போவதைவிட மடிக்கணினியையே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

ஸ்லாட் பொருந்திவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடுவதில்லை. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது சில்லு விஷயத்தில்தான். பெட்டியின் மேல் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். உள்ளே உயிராக இருக்கும் வயர்லெஸ் சில்லு அத்தெரோஸ், பிராட்காம், ராலிங்க், ரியல்டெக் என்று வேறு ஒருவருடையதாக இருக்கும். கார்டை இயங்குதளத்தோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் அந்தச் சில்லுக்கு எழுதப்படுவதே அன்றி, பெட்டியின் பெயருக்கு எழுதப்படுவதில்லை. ஒரே மாதிரி எண்ணில், ஒரே தோற்றத்தில், ஒரே விலையில் விற்கப்படும் கார்டின் முதல் பதிப்பில் ஒரு சில்லும் அடுத்த பதிப்பில் இன்னொரு சில்லும் இருப்பது இத்தொழிலில் நெடுநாள் வழக்கமாகிவிட்டது. உலகெங்கும் விற்பனையான, யுஎஸ்பி வாயில் செருகும் ஒரு வைஃபை அடாப்டரின் முதல் பதிப்பில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் செருகியவுடன் வேலை செய்யும் அத்தெரோஸ் ஏஆர்9271 சில்லு இருந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து அது ரியல்டெக் சில்லாக மாறியது. பெட்டியின் முகப்பில் மாதிரி எண் மாறவில்லை. பதிப்பைக் குறிக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் மட்டும் பொருளின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில் அச்சிடப்பட்டிருந்தன.

இதனால் பாதிக்கப்படுபவர் யார் என்பதையும் ஆசிரியர் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். எங்கள் படிப்பகத்துக்கு வரும், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவி, தன் அண்ணன் பயன்படுத்தி வைத்திருந்த மடிக்கணினிக்காக ஒரு சிறு யுஎஸ்பி டாங்கிளை, அதாவது வைஃபை அடாப்டரை, வாங்கிவந்தார். உடன் வந்த டிரைவர் ஒரு சிறு குறுந்தகட்டில் இருந்தது. அவருடைய மடிக்கணினியில் குறுந்தகட்டு இயக்கி வேலை செய்யவில்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று உள்ளே இருந்த தாள் சொன்னது. இணையம் கிடைப்பதற்காகத்தானே அந்தப் பெண் டாங்கிளையே வாங்கினார்? கடைக்குத் திரும்ப எடுத்துச் சென்றபோது, பெட்டியைப் பிரித்துவிட்டதால் மாற்றித்தர இயலாது என்று சொல்லிவிட்டார்கள். வாரக்கணக்கில் சேர்த்த பணம் அது. சில்லின் பெயர் பெட்டியின் மேல் இரண்டு அங்குல இடத்தில் அச்சிடப்பட்டிருந்தால் இந்த அலைச்சல் எதுவும் நேர்ந்திருக்காது.

கையில் இருக்கும் கார்டில் எந்தச் சில்லு என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் குறியுடன் தெரியும் பெயரின் பண்புகளில் ஹார்டுவேர் ஐடி என்ற பகுதியைப் பார்த்தால், உற்பத்தியாளரைக் குறிக்கும் நான்கு இலக்கக் குறியீடு தெரியும். கார்ட்பஸ் கார்டில் 168சி (168C) என்று இருந்தால் அத்தெரோஸ். யுஎஸ்பி வகையில் 148எஃப் (148F) என்று இருந்தால் ராலிங்க், 0பிடிஏ (0BDA) என்று இருந்தால் ரியல்டெக். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ (lspci), எல்எஸ்யுஎஸ்பி (lsusb) ஆகிய இரண்டு கட்டளைகள் இதே விவரத்தைத் தரும். டிரைவரை இறக்க இணையம் இல்லையென்றால், ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து, அமைப்புகளில், கைபேசியின் இணையத்தை வடம் வழியே கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். விண்டோஸ் 7க்குப் பிந்தைய பதிப்புகளும் லினக்ஸும் கைபேசியை ஒரு நெட்வொர்க் கார்டாகவே ஏற்றுக்கொள்கின்றன. அந்த வழியில் டிரைவரை இறக்கி நிறுவிவிட்டுக் கைபேசியைக் கழற்றிவிடலாம்.

என்னைக் கேட்டால், கார்ட்பஸ் வகையில் அத்தெரோஸ் சில்லு கொண்ட 802.11ஜி கார்டு கிடைத்தால் அதையே தேடி வாங்கச் சொல்வேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதற்கான ஏத்5கே டிரைவர் சேர்ந்தே வருகிறது. வேறு எந்தக் கோப்பும் தேவைப்படுவதில்லை. பிராட்காம் சில்லு கொண்ட பழைய கார்டுகளும் வேலை செய்யும் என்றாலும், அவற்றுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பை, அதாவது சில்லுக்குள் ஏற்றப்படும் மென்பொருளை, இணையத்திலிருந்து தனியாக இறக்கித்தான் சேர்க்க வேண்டும். யுஎஸ்பி வகையில் ஏஆர்9271, ராலிங்க் ஆர்டி5370, மீடியாடெக் எம்டி7601யு ஆகிய சில்லுகள் லினக்ஸில் தொல்லை தராதவை. 802.11பி தரத்திலான, 11 மெகாபிட் கார்டுகளை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பழைய 16 பிட் கார்டுகள் பலவற்றின் டிரைவர்கள் அண்மைக்கால லினக்ஸ் கெர்னல்களிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அது பாதுகாப்பு.

அந்தக் காலக் கார்டுகள் பலவும் அறிந்த ஒரே மறையாக்க முறை டபிள்யூஇபி. அதில் உள்ள ஓட்டையை ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்திவிட்டார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 பிட் டபிள்யூஇபி சாவியை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிட முடியும் என்று செய்துகாட்டினார்கள். இவ்வளவுக்குப் பிறகும், பழைய கார்டு இணையவில்லை என்று வந்து நிற்பவரிடம், வீட்டு ரவுட்டரை டபிள்யூஇபிக்கு மாற்றிவிடுங்கள், அல்லது கடவுச்சொல்லையே எடுத்துவிடுங்கள் என்று கூசாமல் சொல்லும் பழுதுபார்ப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். ஒரு பழைய மடிக்கணினிக்காக, வங்கிக் கணக்கையும் ஆதார் விவரங்களையும் பயன்படுத்தும் வீட்டின் எல்லாக் கைபேசிகளையும் திறந்தவெளியில் நிறுத்தும் ஆலோசனை இது. எக்காரணம் கொண்டும் இதைச் செய்யக் கூடாது.

வாங்கும் கார்டு, டபிள்யூஇபிக்குப் பின் வந்த வலுவான மறையாக்க முறையான டபிள்யூபிஏ2வை அறிந்ததாக இருக்க வேண்டும். 2006 மார்ச் மாதத்திலிருந்து வைஃபை கூட்டமைப்பின் சான்றைப் புதிதாகப் பெறும் எல்லாக் கருவிகளுக்கும் டபிள்யூபிஏ2 கட்டாயமாக்கப்பட்டதால், அதற்குப் பின் சான்று பெற்ற கார்டு என்றால் அஞ்ச வேண்டியதில்லை. மறுபுறம், இன்று ஃபைபர் இணைப்புடன் வரும் புதிய ரவுட்டர்கள் சிலவற்றில் டபிள்யூபிஏ3 மட்டும் என்ற அமைப்பு இருக்கக்கூடும். 2018இல் வந்த அந்த முறையைப் பழைய கார்டு அறியாது. ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் என்ற வசதி இருந்தால், அதை 2.4 கிகாஹெர்ட்ஸில், டபிள்யூபிஏ2 முறையில், தனிக் கடவுச்சொல்லுடன் ஏற்படுத்திப் பழைய மடிக்கணினியை அதில் மட்டும் சேர்ப்பது இரு பக்கத்துக்கும் நல்லது. முதன்மை நெட்வொர்க் அதன் வலுவான பாதுகாப்போடு அப்படியே இருக்கும்.

கார்டு நல்லதாகவே இருந்தும், கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லப்படும் சந்தர்ப்பங்கள் ஏராளம். அவற்றில் முதன்மையானது சானல் பிரச்சினை. நம் நாட்டில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் குறைந்த திறனில், உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு விதிகள் வழி செய்தன. அதற்குள் 1 முதல் 13 வரையிலான சானல்கள், அதாவது அந்த அலைவரிசையின் உட்பிரிவுகள், அடங்குகின்றன. அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான கார்டுகளோ 11ஆம் சானலோடு நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த கார்டு, பக்கத்து வீட்டு நெட்வொர்க்குகளையெல்லாம் காட்டி நம் வீட்டு நெட்வொர்க்கை மட்டும் காட்டவில்லை என்றால், நம் ரவுட்டர் தானியங்கித் தேர்வில் 12 அல்லது 13ஆம் சானலில் போய் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் நெட்வொர்க் பெயர் உடனே தோன்றும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினாலும் 802.11ஜி கார்டுக்கு அது தென்படாது.

இன்னொன்று கணினியின் தேதி. பல ஆண்டுகள் பரணில் கிடந்த மடிக்கணினியின் மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். இயக்கியவுடன் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் உலாவி, எதுவுமே செல்லாது என்று சொல்லிப் பக்கத்தைத் திறக்க மறுக்கும். கார்டின் விளக்கு எரிகிறது, சிக்னல் முழுதாக இருக்கிறது, ஆனால் நெட் வரவில்லை என்று கொண்டுவரப்படும் மடிக்கணினிகளில் நான் முதலில் பார்ப்பது திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைத்தான். பெரும்பாலானவற்றில் அந்தப் பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும் சிஆர்2032 வகை. சிலவற்றில் இரண்டு கம்பிகளோடு உறை போட்டு வரும். இதைப் போன்றதே விண்டோஸ் எக்ஸ்பி விவகாரமும். 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த அந்த இயங்குதளத்துடன் வந்த உலாவிக்கு, இன்றைய இணையதளங்கள் எதிர்பார்க்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு இணைப்பு முறை தெரியாது. கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பக்கம் திறக்காது. அங்கே மாற்ற வேண்டியது இயங்குதளம்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற இயந்திரங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றில் வைஃபை உள்ளேயே இருந்தது. ஆனால் ஆண்டுகள் பலவாகிவிட்டதால் சிலவற்றில் உள் கார்டு செயலிழந்துவிட்டது. பக்கவாட்டு ஸ்லாட் இல்லாதவற்றுக்கு யுஎஸ்பி அடாப்டர்தான் எளிய வழி. உள் கார்டையே மாற்றலாம் என்று சிலர் இறங்குகிறார்கள். அதில் தவறில்லை, இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகளின் பொத்தான் போன்ற முனைகளைச் சிதைக்காமல் கழற்றி மாட்டத் தெரிந்தால் போதும். ஆனால் எல்லா நிறுவன மடிக்கணினிகளிலும் இது நடக்காது. சிலவற்றில், கணினியைத் தொடக்கிவைக்கும் உள்ளமை மென்பொருளான பயாஸ், தான் அங்கீகரித்த கார்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறுத்துவிடும். பழைய திங்க்பேட் மடிக்கணினி மாதிரிகளில் 1802 என்ற எண்ணுடன் ஒரு பிழைச்செய்தி தோன்றி, கணினி அந்த இடத்திலேயே நின்றுவிடுவது இதனால்தான். வெளியிலிருந்து செருகும் கார்ட்பஸ் கார்டுக்கும் யுஎஸ்பி அடாப்டருக்கும் இந்தத் தடை இல்லை. பழுதான உள் கார்டை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டு வெளிக் கார்டைப் பயன்படுத்தினால் இரண்டும் மோதிக்கொள்ளாது.

யுஎஸ்பி அடாப்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிகப் பழைய மடிக்கணினியில் யுஎஸ்பி 1.1 வாய் மட்டுமே இருந்தால் வேகம் நொடிக்கு 12 மெகாபிட்டைத் தாண்டாது. அந்த வகை இயந்திரத்துக்குக் கார்ட்பஸ் கார்டே ஏற்றது. யுஎஸ்பி 2.0 இருந்தால் கவலையில்லை. விரல் நகம் அளவுள்ள அடாப்டரில் ஆன்டெனாவும் அந்த அளவுதான் இருக்கும் என்பதால், ரவுட்டர் அடுத்த அறையில் இருந்தால் சற்றுப் பெரிய அடாப்டரை ஒரு சிறு நீட்டிப்பு வடத்தில் மாட்டிக் கணினியின் உலோகப் பகுதியிலிருந்து தள்ளி வைப்பது நல்ல பலன் தருகிறது.

வேகம் போதுமா என்று கேட்பார்கள். 802.11ஜி கார்டில் பெட்டி சொல்லும் 54 மெகாபிட் நடைமுறையில் கிடைப்பதில்லை. நல்ல நிலையில் 20 மெகாபிட் அளவுக்குக் கிடைக்கும். பாடநூல் பிடிஎஃப் கோப்புகளை இறக்கவும், பழைய வினாத்தாள்களைப் பார்க்கவும், தேர்வாணையத் தளத்தில் விண்ணப்பிக்கவும், நடுத்தரத் தெளிவில் பாட வீடியோக்களைப் பார்க்கவும் அது தாராளம். கணினியின் நினைவகம் குறைவாக இருந்தால்தான் உண்மையான இடையூறு வரும். 512 எம்பி நினைவகம் கொண்ட இயந்திரத்தில் எந்தக் கார்டைப் போட்டாலும் இன்றைய இணையதளங்கள் திணறும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்படிப்பட்டதைத் தட்டச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். 2 ஜிபி நினைவகம் உள்ளதோ, அந்த அளவுக்கு உயர்த்தக்கூடியதோ என்றால் கார்டுக்குச் செலவிடும் பணம் வீண்போகாது. 64 பிட் செயலி இருந்தால் எந்த எளிய லினக்ஸும் நிறுவலாம். 32 பிட் மட்டும் என்றால் தேர்வு குறுகிவருகிறது: டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் வசதி இல்லை. 2023இல் வந்த டெபியன் 12, அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 போன்றவற்றை நாட வேண்டும்.

மின்கழிவு விதிகளுக்கு நான் எதிரானவன் அல்லன். 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பதும், உடைந்து உதவாமல் போனவற்றை முறையான மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதும் அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழுதுபார்க்கும் உரிமை குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்ததும், அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளம் தொடங்கியதும், பழுது நீக்கிப் பயன்படுத்த முடிந்ததைக் கழிவாக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தானே? அந்த உரிமை ஏட்டளவில் நிற்காமல் இருக்க, பொருளைப் பற்றிய அடிப்படை விவரம் வாங்குபவர் கைக்கு வர வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பொட்டலமிட்ட பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி, இறக்குமதியாளர் பெயர், அதிகபட்ச விற்பனை விலை, எந்த நாட்டில் தயாரானது, புகார் தெரிவிக்கும் முகவரி ஆகியவை ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தாக வேண்டும். வயர்லெஸ் கார்டுகளுக்கும் அடாப்டர்களுக்கும் இவற்றோடு சில்லின் பெயர், பொருளின் பதிப்பு எண், எந்த அலைவரிசை, எந்தப் பாதுகாப்பு முறை என்ற நான்கையும் பெட்டியின் வெளிப்புறத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். சில்லை மாற்றினால் மாதிரி எண்ணையும் மாற்றியாக வேண்டும் என்று விதிக்க வேண்டும். தயாரிப்பாளருக்கு இதில் ஒரு பைசாகூடக் கூடுதல் செலவில்லை. சட்டம் வரும்வரை, மின்னணுப் பொருள் சந்தையான சென்னை ரிச்சி தெரு முதல் எங்கள் ஊர்க் கடைகள்வரை இப்பொருள்களை விற்போர், வாங்குபவரின் மடிக்கணினியில் ஒருமுறை செருகி, நெட்வொர்க் பெயர் தோன்றுவதைக் காட்டிவிட்டுப் பணம் வாங்கும் வழக்கத்தைத் தாங்களாகவே மேற்கொள்ளலாம். சில கடைக்காரர்கள் இப்போதும் அப்படிச் செய்கிறார்கள். அவர்களிடம்தான் நான் பிள்ளைகளை அனுப்புகிறேன்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அக்கட்டுரைக்குத் தொடர்ச்சியாக, கார்ட்பஸ், எக்ஸ்பிரஸ்கார்டு, யுஎஸ்பி ஆகிய மூன்று வாய்களின் படத்தையும், எட்டுப் புடைப்புகள் கொண்ட அந்தப் பொன்னிறப் பட்டையின் படத்தையும் போட்டு ஒரு சிறு விளக்கம் வெளியிட வேண்டுகிறேன். வாசகர்கள் அதைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் செல்ல வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.